தோரணத்துக்கு இந்தப் பக்கம் உங்கள் அத்தை

கமலா, சேகர், மீனா, மூன்று பேரும் சண்டை போடாமல் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். கமலா உரக்கப் படிக்கட்டும், அவளுக்குத்தான் மூச்சுத் தாங்கும். நான் பயணம் முடிந்து திரும்பிய அன்று நீங்கள் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பிரெஞ்சுக்காரனைப் பார்த்தீர்களா என்றான் சேகர். எனக்கு என்ன வாங்கி வந்தீர்கள் என்றாள் மீனா. கமலா மட்டும், "அத்தை அங்கே என்ன வேலைப்பா பார்க்குறாங்க?" என்று கேட்டாள். "நர்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். அது போதாது என்று அன்றிலிருந்து மனசு சொல்லிக்கொண்டே இருக்கிறது. எனக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துத் தமிழ்தான். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், சிரிக்காதீர்கள்.

அஞ்சலை எனக்கு நேர் இளையவள். நான் மலாயாவுக்குக் கப்பல் ஏறியபோது இரட்டைச் சடை போட்டுக்கொண்டு துறைமுகத்தில் அழுத பெண். இப்போது புதுச்சேரிக்குத் தெற்கே, நோணாங்குப்பத்து உப்பங்கழியைத் தாண்டி ஒரு கிராமத்தில் அரசாங்க நர்சு. உங்கள் மாமா லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் ஒரு நாள் தலை காட்டுவார். மற்ற நாளெல்லாம் அவளுக்கு டிஸ்பென்சரியே வீடு. டிஸ்பென்சரி என்றால் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியை நினைத்துவிடாதீர்கள். இரண்டு அறை, ஒரு பூவரச மரம், அதன் கீழே ஒரு பெஞ்சு. டாக்டர் எப்போதாவது டவுனிலிருந்து வருவார். மற்றபடி அத்தையும் ஒரு கம்பவுண்டரும்தான்.

முதல் விபத்து டவுனிலேயே நடந்தது. அந்த ஊரில் புஷ்புஷ் என்று ஒரு வண்டி உண்டு. மூன்று சக்கரம். ஆள் பின்னால் நின்று தள்ளுவான். முன்னால் உட்கார்ந்திருக்கும் நாம்தான் ஒரு கம்பியைப் பிடித்து இடம் வலம் திருப்ப வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் துரை மாதிரி கைகட்டி உட்கார்ந்திருந்தேன். சாலைகள் அங்கே கோடு போட்டதுபோல் நேராக இருக்கும், அதனால் கொஞ்ச தூரம் நன்றாகவே போனது. பிறகு ஒரு திருப்பம் வந்தது. வண்டி திரும்பவில்லை. நேரே போய் ஒரு மீன்காரம்மாள் இறக்கி வைத்திருந்த கூடையில் ஏறியது.

"யோவ்! இம்மாம் பெரிய ரோடு கெடக்குது, என் கூடையில வந்து ஏர்றியே! தேங்காத்திட்டுலேர்ந்து கழுத்து ஒடியத் தூக்கியாந்தது இதுக்குத்தானா?"

தள்ளிக்கொண்டு வந்தவன் கையை விரித்தான். "நான் தள்றவந்தான் தாயீ. ஓட்டுனது அவரு!"

அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் கால்சட்டையையும் தொப்பியையும் பார்த்துவிட்டு, "மலாயாவா? அங்க மீன் மேலதான் வண்டி ஓட்டுவாங்களா?" என்றாள். நசுங்கியது நசுங்காதது எல்லாவற்றையும் நானே வாங்கிக்கொண்டேன். இப்படித்தான், இத்தனை வருஷம் கழித்துத் தங்கையைப் பார்க்கப் போன அண்ணன், சட்டையெல்லாம் செதிலோடு போய் நின்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் மூட்டையை இறக்கி வைப்பதற்குள் அவள் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, ஞாயித்துக்கெழம மாத்திர போடுறியா?"

நம் தோட்டத்தில் எல்லோரும், வெளியூர் போனாலும்கூட, மலேரியா வராமலிருக்க வாரம் ஒரு மாத்திரை போட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மாத்திரையைக் கொடுக்கிற தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரே நான்தான். "என்னையே கேக்குறியா? ஒரு தோட்டத்துக்கே மாத்திர போடுறவன் நான்" என்றேன்.

"அதான் கேக்குறேன். ஊருக்குப் போடுறவன் தனக்குப் போட மறந்துடுவான்" என்று சொல்லிக்கொண்டே மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று உச்சிப் பொழுதில் ஓர் ஆளைப் பெஞ்சில் கொண்டுவந்து கிடத்தினார்கள். பெயர் மாணிக்கம். சொந்தமாகக் கொஞ்சம் நெல் வயல் உழுகிறவன். வெயிலில் கல் வெடிக்கிறது, அவன் மூன்று சாக்கைப் போர்த்துக்கொண்டு பல் கிடுகிடுக்க நடுங்குகிறான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இதே நேரத்துக்கு இப்படி ஆகிறதாம். அவன் மனைவி பச்சையம்மாள், "நாளைக்குக் காப்புக் கட்டுறாங்கம்மா. இவுரு செடல் இழுக்கறதா வேண்டிக்கிட்டாரு. கொழந்த பொழச்சதுக்கு" என்று அழுதாள்.

செடல் என்பது அந்தப் பக்கத்து மாரியம்மன் திருவிழாவில் பெரிய நாள். வேண்டுதல்காரர்களின் முதுகுத் தோலில் கொக்கி மாட்டி, அதில் கயிறு கட்டி, அந்தக் கயிற்றால் அம்மன் தேரை இழுப்பார்கள். ஆடி மாதத்தில் காப்புக் கட்டினால் செடல் முடியும் வரை விரதம்.

அத்தை முதலில் அவனுடைய விரலைப் பிடித்தாள், ஊசியால் குத்தினாள், ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவினாள். அதற்குப் பிறகுதான் மாத்திரை டப்பாவைத் திறந்தாள். மாத்திரைக்கு முன்னால் ரத்தம், அதுவும் வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது, கொடுக்கிறவர் கண் எதிரே விழுங்க வேண்டும். இது மேலிடத்து உத்தரவு, சுவரில் ஒட்டியிருந்தது. அத்தை அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இவனுக்குக் கஞ்சி கொண்டாங்க" என்றாள். கஞ்சி வருவதற்குள் அடுத்த தெருவிலிருந்து ஒருவன் ஓடி வந்தான், அவன் பெண்டாட்டிக்குப் பிரசவ வலி. அத்தை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். "கஞ்சி குடிச்சதும் நாலு மாத்திர. நீங்க பாக்க முழுங்கணும்" என்று கம்பவுண்டரிடம் சொன்னாள். கம்பவுண்டர் நல்ல மனிதர்தான். ஆனால் வெளியே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நாலு மாத்திரையைப் பொட்டலம் கட்டி மாணிக்கத்தின் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். நான் அப்போது உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அத்தை ரத்தச் சில்லுகளை டவுனுக்குக் கொண்டுபோகக் கிளம்பினாள். ஆண் குழந்தை பிறந்ததாம், முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு, ராத்திரி தூங்கிய மாதிரியே இருந்தாள். நானும் உடன் போனேன். உப்பங்கழியில் படகு. தண்ணீர் வடிந்திருந்த நேரம், நடுவே சேற்றில் தரை தட்டியது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். சில்லுப் பெட்டியை என் தலையில் வைத்தாள். "பொட்டி நனையக் கூடாது. நீ நனஞ்சா பரவால்ல" என்றாள். இடுப்பளவு சேற்றில், தலையில் பெட்டியோடு நின்றேன். சேகர், உன் அப்பா அப்போது எப்படி இருந்திருப்பார் என்று படம் வரைந்து வை.

ஒரே ஒருவர்தான் இறங்கவில்லை. வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு, கோட்டில் இரண்டு மெடல். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து சைகோனில் சண்டை போட்டவராம். ஊரில் அவரைச் சொல்தா என்றே சொல்வார்கள், சிப்பாய் என்று அர்த்தம். நேரில் பேசும்போது முசே. மாதம் ஒரு முறை பென்ஷன் வாங்க டவுனுக்குப் போவார். பிரெஞ்சுக்காரன் போய்ச் சில வருஷம் ஆகிவிட்டது. போகிற அவசரத்தில் சில வார்த்தைகளையும் சில மனிதர்களையும் மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று தோன்றியது.

"நர்சம்மா, இந்த ஒரு சொட்டு ரெத்தத்தைத் தூக்கிக்கிட்டு ஏன் அலையிறீங்க?" என்றார் படகில் உட்கார்ந்தபடியே. "சைகோன்ல எங்க தொக்தேர் ஒரே ஒரு பிக்கூர் போடுவாரு. முடிஞ்சது கதை." தொக்தேர் என்றால் டாக்டர். பிக்கூர் என்றால் ஊசி.

"இறங்கித் தள்ளுங்க முசே, அப்புறம் கதையைச் சொல்லுங்க" என்றாள் அத்தை. படகே சிரித்தது.

சில்லைப் பார்க்கிறவர் மறுநாள் வரச் சொன்னார். அத்தை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள், எழுந்திருக்கவே இல்லை. அதற்குள் நான் கடற்கரையைப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே மணல் குறைவு, பாறை அதிகம். பழைய கலங்கரை விளக்கம் ஒன்று நிற்கிறது. சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர் ஒருவர் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். உலக்கை போல நீளமான ரொட்டி விற்கிறார்கள். மேலே ஓடு மாதிரி கடினம், உள்ளே பஞ்சு. இரண்டு வாங்கி அக்குளில் வைத்துக்கொண்டு திரும்பினேன். அன்று ராத்திரி முந்தின நாள் மீன் குழம்பில் அந்த ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டோம். நம்மூர் ரொட்டி சானாயை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் பழைய மீன் குழம்புக்கு அந்த ரொட்டிதான் ஜோடி.

கடற்கரையிலிருந்து நான் திரும்பியபோதே அத்தை சில்லு பார்க்கிற இடத்து வாசலில் நின்றிருந்தாள். "மாணிக்கத்துக்குக் கிருமி இருக்குது. நாலு மாத்திர முழுங்கியிருப்பான், காய்ச்சல் நின்னிருக்கும். இனிமே அஞ்சு நாளைக்கு வேற மாத்திர" என்றாள்.

காய்ச்சல் நிற்கவில்லை. அடுத்த நாள் உச்சிப் பொழுதில் பச்சையம்மாள் ஓடி வந்தாள். "மறுபடியும் எடுத்துடுச்சும்மா!"

நாங்கள் ஓடினோம். கோயில் தெரு முனையில் ஓட முடியாமல் நின்றோம். நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவிலும் காப்புக் கட்டுகிறோம், ஆனால் அவர்கள் முறை வேறு. அங்கே காப்புக் கட்டினவர்கள் எல்லாம் கோயில் தெருவிலேயே தங்குகிறார்கள். தெருவின் இரண்டு முனையிலும் குறுக்கே கயிறு கட்டி வேப்பிலைத் தோரணம். தீட்டு உள்ளவர்கள் அதைத் தாண்டக் கூடாது. அத்தையின் கை முந்தாநாள் பிரசவம் பார்த்த கை. அந்தக் கையும் அதற்குரிய ஆளும் தோரணத்துக்கு வெளியேதான்.

மாணிக்கம் அந்தப் பக்கம் தரையில் சுருண்டு கிடந்தான். அத்தை இந்தப் பக்கம் நின்று கேட்டாள்: "நாலும் முழுங்குனியா?"

அவன் நடுங்கிக்கொண்டே வலது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினான். காப்புக் கயிற்றில் மஞ்சள் கிழங்கோடு ஒரு சின்னத் துணி முடிச்சு. "ரெண்டு உள்ள, ரெண்டு வெளிய நர்சம்மா. உள்ளே இருக்கறதை மாத்திர பாத்துக்கும். வெளியேர்ந்து வர்றதை ஆத்தா பாத்துக்குவா."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அத்தை முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "நல்ல யோசனைதான். ஆனா ஆத்தாளுக்கு மாத்திர வேணாம். நாலும் உனக்குத்தான்" என்றாள்.

பச்சையம்மாள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். இன்று காய்ச்சல், நாளை இல்லை, நாளை மறுநாள் உண்டு. எண்ணி முடித்தபோது அவள் விரல் நின்ற இடம் செடல் நாள். அன்றைக்கும் அவனுக்குக் குளிர் முறை.

அங்கே நின்ற எல்லோருக்கும் அது புரிந்தது. முதுகில் கொக்கியோடு அவன் நடுங்கி விழுந்தால், ஆத்தா இவன் வேண்டுதலை ஏற்கவில்லை என்று ஆகிவிடும். மாணிக்கம் அதற்கு மேல் அந்த ஊரில் தலைநிமிர முடியாது. இன்னொன்றையும் சொல்வார்கள்: நர்சு மாத்திரையைத் தின்றான், அதனால்தான் விழுந்தான். அத்தைக்கும் அதற்கு மேல் எந்தக் கதவும் திறக்காது.

நான் சொன்னேன்: "கொடு, நான் உள்ள போய்க் குடுத்துட்டு வர்றேன். நானும் டிரெசர்தானே? எனக்குத் தீட்டு இல்ல."

"நீ கொண்டுபோய்க் குடு அண்ணே. ஆனா நீ பாத்தா போதாது. நான் பாக்கணும். கம்பவுண்டரு பாத்துக்குவாருன்னு விட்டதுக்குத்தான் ரெண்டு மாத்திர மஞ்சத்துணியில கெடக்குது."

அதற்குள் பூசாரி வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், குரல் மட்டும் உடுக்கை மாதிரி. "காப்புக் கட்டுனவனுக்கு மருந்து ஏது? ஆத்தா பாத்துக்குவா. நீ போம்மா."

"பாத்துக்குவாங்க. நான் இல்லன்னு சொல்லலியே" என்றாள் அத்தை. "இவன் சாயரட்சைக்குச் சாப்புடுறானா, இல்லியா?"

"ஒருவேளை. பூசை முடிஞ்சு பச்சரிசிச் சோறு."

"சோறு முடிஞ்ச வாயில நாலு மாத்திர. அண்ணன் குளிச்சிட்டு எலையில வச்சுத் தருவாரு. நான் கயித்தத் தொட மாட்டேன். இந்தப் பக்கமே நின்னு பாத்துட்டுப் போயிடுறேன்."

பூசாரி யோசித்தார். கூட்டத்தில் ஒருத்தி, "அது பாக்குறது நம்ம மேல படுமே" என்றாள்.

பூசாரி அவள் பக்கம் திரும்பினார். "அடியே, காலையிலேர்ந்து காக்கா, நாயி, டவுன் பஸ்சு எல்லாம் நம்மளப் பாக்குது. பார்வைக்கு ஏது தீட்டு? பாத்துட்டுப் போவட்டும்." பிறகு அத்தையிடம், "ஆனா ஒரு பேச்சு. அவன் விழுந்தா ஊரு கேக்குற கேள்விக்கு நீதான் பதில் சொல்லணும்" என்றார்.

"சொல்றேன்" என்றாள் அத்தை.

அன்று மாலை தொடங்கியது அந்தக் கூத்து. பூசை முடிந்து சாப்பாடும் முடிந்ததும் மாணிக்கம் தோரணத்துக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பான். நான் ஈர வேட்டியோடு பூவரச இலையில் மாத்திரையும் செம்பில் தண்ணீரும் கொண்டுபோவேன். அத்தைக்கு நான் மலாயாவிலிருந்து கொண்டுபோன அஞ்சு பேட்டரி டார்ச் லைட், கப்பலில் யாரும் திருடாமல் தலைக்கு வைத்துக்கொண்டு வந்தது, அவள் கையில். விழுங்கியதும் அதை அவன் முகத்தில் அடிப்பாள்.

"வாயத் தொற."

திறப்பான்.

"நாக்கத் தூக்கு."

தூக்குவான்.

"இந்தக் கன்னம். அந்தக் கன்னம். செரி, போ."

முதல் நாள் ஏழெட்டுப் பேர் நின்று பார்த்தார்கள். இரண்டாம் நாள் தெருவே நின்றது. சின்னப் பிள்ளைகள் அத்தைக்கு "நாக்கு நர்சு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். தூரத்தில் டார்ச் வெளிச்சம் தெரிந்ததும் வரிசையாக நின்று எல்லாரும் நாக்கைத் தூக்குவார்கள். மாணிக்கத்துக்கே சிரிப்பு வந்தது. "நர்சம்மா, என் பொண்டாட்டிகூட என் வாயை இம்மாம் நேரம் பாத்ததில்ல" என்றான். "அவ பாத்திருந்தா நீ வாயத் தொறந்திருக்கவே மாட்டே" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

எனக்கு நம் தோட்டம் ஞாபகம் வந்தது. விடியலில் ஆளெண்ணும் பெரட்டில் நான் மாத்திரை கொடுக்கும்போது கணக்கு எழுதும் கிராணி நிற்கிறார், துரை நிற்கிறார், விழுங்காதவனுக்கு வேலை இல்லை. அங்கே அத்தைக்கு யார் இருந்தார்கள்? ஒரு டார்ச் லைட். அவ்வளவுதான்.

அடுத்த குளிர் முறை நாள் வந்தது. உச்சிப் பொழுதில் எல்லோருக்கும் கண் மாணிக்கத்தின் மேல்தான். நடுக்கம் வரவில்லை. ஆனால் உடம்பு கொஞ்சம் முறுக்கியது, கண் சிவந்தது. "வருது, வருது" என்று பச்சையம்மாள் அலறிவிட்டாள். தோரணத்தின் முன் கூட்டம் கூடிவிட்டது. சொல்தா கோட்டு மெடல் சகிதம் வந்து நின்றார்.

"நர்சம்மா, உங்ககிட்ட ஊசி இருக்குதா இல்லியா?"

"இருக்குது முசே."

"மருந்து?"

"அதுவும் இருக்குது."

"அப்புறம் இன்னா? பூசாரி கையால கொக்கி மாட்டப் போற ஒடம்பு. ஒரு பிக்கூருக்கா தீட்டு? உங்க அண்ணன் கையால போடட்டும்."

பச்சையம்மாள் தோரணத்துக்கு அந்தப் பக்கம் மண்டி போட்டுவிட்டாள். "போடச் சொல்லும்மா. ஒன் கால்ல விழறேன்."

கமலா, இதை மறைக்க மாட்டேன். நானே அத்தையின் காதருகே குனிந்து, "போட்டா என்ன அஞ்சல? ஊரும் சமாதானம் ஆகும்" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. சொல்தாவுக்குத்தான் பதில் சொன்னாள். "நெனவு தப்புனவங்களுக்கும், வாயில எதுவும் நிக்காதவங்களுக்கும்தான் அந்த ஊசி. இவன் கல்லக் குடுத்தாலும் முழுங்கிடுவான். மருந்து உள்ள போயிருக்குது, நான் பாத்திருக்கேன். இன்னிக்கி வந்தது போன தடவ வந்ததுல கால்வாசிகூட இல்ல. அது எறங்குது."

"டவுன்ல சொல்லுவேன்" என்று மிரட்டினார் சொல்தா.

"சொல்லுங்க. நான் சொன்னத அப்படியே சொல்லுங்க."

பிறகு பச்சையம்மாளைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "எந்திரிடி. இன்னிக்கி நான் ஊசி போட்டா, செடலன்னிக்கு இவன் நின்னுட்டா ஊசிதான் நிறுத்துச்சுன்னு ஊரே சொல்லும். நாளைக்கு உன் கொழந்தைக்குக் காய்ச்சல் வந்தா மாத்திரயத் துப்பிட்டு ஊசிக்கு வந்து நிப்பே. ஊசி தீந்து போச்சுன்னா? என்னை நம்பாதே, உன் புருசன் மூஞ்சியப் பாரு. நடுங்குறானா?"

பச்சையம்மாள் திரும்பிப் பார்த்தாள். மாணிக்கம் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து முறுக்கிய முதுகை மரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தான். மாடு தேய்ப்பது மாதிரி. அவள் எழுந்துவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அத்தை இரண்டு தடவை நின்று கோயில் தெருவைத் திரும்பிப் பார்த்தாள். நான் அதைக் கவனித்தது அவளுக்குத் தெரியக் கூடாது என்று, கேழ்வரகுக் கூழைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன். ஆடிக் கூழும் முருங்கைக் கீரையும் கருவாடும் வைத்து ஒரு வீட்டில் கொடுத்திருந்தார்கள். நம்மூர் நெத்திலி சம்பலுக்கு அந்தக் கருவாடு அண்ணன் முறை.

அதற்கடுத்த குளிர் முறை நாளில் ஒன்றும் வரவில்லை. மாணிக்கம் கிணற்றில் தண்ணீர் இறைத்தான். ஆனாலும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. செடல் நாளுக்காகக் காத்திருந்தார்கள்.

செடலன்று ஊருக்குள் இத்தனை ஜனம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பலூன்காரன், வளையல்காரி, கரும்புச் சாறு. பம்பை மேளம் நெஞ்சுக்குள்ளேயே அடிக்கிறது. அத்தை துவைத்த வெள்ளைச் சேலை கட்டி, தோரணத்துக்கு இந்தப் பக்கம் அவளுடைய பழைய இடத்திலேயே நின்றாள். தெரு முனைவரை தேர் வந்து திரும்பும்.

பூசாரி திருநீற்றைத் தேய்த்துக் கொக்கி மாட்டினார். அதை நான் விவரிக்கப் போவதில்லை, மீனா பயப்படுவாள். மாணிக்கம் முகம் சுளிக்கவில்லை. உச்சிப் பொழுது. தேர் நகர்ந்தது. கயிறு விறைத்தது. ஒரு தடவை கால் தடுமாறினான். மேளம் நின்றதுபோல் எனக்குக் காது அடைத்துப்போனது. அத்தை புடவைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டாள். கல் இடறியிருக்கிறது, அவ்வளவுதான். நிமிர்ந்துகொண்டான். உடம்பெல்லாம் வேர்வை, ஆனால் அது இழுக்கிறவன் வேர்வை. எட்டு வைத்து எட்டு வைத்துத் தெரு முனைக்கு வந்தான். வந்தவன் நின்றான். தேர் நின்றது. மேளம் நின்றது. என்னவோ ஏதோ என்று பூசாரி ஓடி வந்தார்.

மாணிக்கம் அத்தையைப் பார்த்தான். வாயை ஆவென்று திறந்தான். நாக்கைத் தூக்கிக் காட்டினான். இந்தக் கன்னம். அந்தக் கன்னம்.

 முதலில் சிரித்தவர்கள் பிள்ளைகள். பிறகு தெருவே சிரித்தது. பச்சையம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். சிரிப்பு தேர்மேல் இருந்தவர்கள்வரை போய், அம்மன் தலையில் வைத்த பூ குலுங்கியது. "செரி, போ" என்றாள் அத்தை, தினமும் சொல்கிற அதே குரலில்.  மேளம் மறுபடி எழுந்தது.

பூசாரி சும்மா இருக்கவில்லை. கூட்டத்தில் நின்ற சொல்தாவைப் பார்த்து, "இன்னா முசே, சைகோன்ல உங்க தொக்தேர் நாக்கத் தூக்கிப் பாத்தாரா?" என்றார்.

சொல்தா மெடலைத் தடவிக்கொண்டார். "ஊசி சீக்காளிக்கு. எங்க வரிசைக்குக் கினின் மாத்திரதான் குடுப்பாங்க. நாக்கை எவன் பாத்தான்? அதனாலதான்யா பாதிப் பேரு கூடாரத்துக்குப் பின்னாடி போய்த் துப்பிடுவோம்" என்றார். அதற்கும் ஒரு சிரிப்பு.

மறுநாள் டிஸ்பென்சரிப் பெஞ்சில் இடமில்லை. கம்பவுண்டரே ஒவ்வொருவரிடமும் "வாயத் தொற" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாத்திரை வாங்காத கிழவர் ஒருவர்கூட வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

கமலா, நீ கேட்டாயே, அத்தை என்ன வேலை பார்க்கிறாள் என்று. இதுதான் பார்க்கிறாள். அவள் என் தங்கை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு நம் தோட்டத்து ஜனம் மட்டும் போதாது.

புறப்பட்ட அன்று அத்தை படகுத் துறைவரை வந்தாள். அழவில்லை. படகு விலகும்போது, "ஞாயித்துக்கெழம!" என்று கத்தினாள். படகில் இருந்தவர்கள் நான் ஞாயிற்றுக்கிழமை எங்கேயோ போக வேண்டியவன் என்று நினைத்திருப்பார்கள்.

கப்பலில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடல் கொஞ்சம் கொந்தளிப்பு. தளத்தில் எல்லோரும் சுருண்டு கிடந்தார்கள். காலைப் பசியாறிவிட்டு, குளியலறைப் பக்கம் போனேன். அங்கே ரசம் போன கண்ணாடி ஒன்று சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. யாரும் இல்லை. மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். கதவைச் சாத்தினேன். கண்ணாடிக்கு எதிரே நின்று வாயைத் திறந்தேன். நாக்கைத் தூக்கினேன். இந்தக் கன்னம். அந்தக் கன்னம். பிறகு வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.